கயிறு சொல்லாத திசை

பியூலாவின் நிழல் அன்று காலை நானூறு மீட்டரை ஐம்பத்தாறு புள்ளி ஒன்பது நொடியில் ஓடி முடித்தது. பியூலா தன் வாழ்நாளில் ஓடிய ஆக வேகமான ஓட்டமோ ஐம்பத்தொன்பது புள்ளி ஒன்று. திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இசக்கியம்மாள், தப்பு தன்னுடையதுதான் என்று வழக்கம்போல உடனே முடிவு செய்துகொண்டாள்.

எதையும் மூன்று முறை போட்டுப் பார்க்காமல் நம்பாதவள் அவள். பாளையங்கோட்டை விளையாட்டு ஆய்வு மையத்தில் பகலில் கணக்குப் போடும் வேலை, சாயங்காலம் கல்லூரியில் கணித முதுகலை வகுப்பு. அங்கே படித்ததை இங்கே சரிபார்ப்பாள், இங்கே செய்ததை அங்கே சந்தேகப்படுவாள். மூன்றாவது முறையும் பியூலாவின் நிழல் அதே நேரத்தில் கோட்டைத் தொட்டது.

நிழல் என்பது உடம்பின் கணக்கு. தொடைத் தசையின் நார் எவ்வளவு நீளம், என்ன வேகத்தில் சுருங்கினால் எவ்வளவு விசை தரும், குதிகால் தசைநாண் எவ்வளவு நீண்டு எவ்வளவைத் திருப்பிக் கொடுக்கும், எத்தனை நொடியில் களைக்கும் என்று ஒவ்வொன்றாக அளந்து சமன்பாடுகளில் போட்டால், திரையில் சாம்பல் நிறத்தில் ஓர் உருவம் எழுந்து ஓடும். அது ஓடும் நேரம்தான் அந்த ஆள் தன் ஆகச் சிறந்த நாளில் ஓடக்கூடிய நேரம். இந்த முறை வந்து பத்து வருடங்களுக்கு மேலாகிவிட்டது. தேர்வுப் பந்தயங்கள் மெல்ல மெல்லக் குறைந்து நின்றே போயின. தேர்வுக் குழு நிழலின் நேரத்தைப் பார்த்தே ஆள் எடுத்தது. நிழல் நன்றாக ஓடாத பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே கூப்பிட்டு, நல்லவிதமாகச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

இசக்கியும் அப்படி அனுப்பப்பட்டவள்தான். பதிமூன்று வயதில் இருநூறு மீட்டரில் பள்ளியிலேயே முதல் ஆள். வெள்ளை அங்கி போட்ட ஓர் அம்மா அவள் தோளில் கை வைத்து, "உன் நிழல் இதுக்கு மேல போகாதும்மா" என்று அன்பாகத்தான் சொன்னாள். மறுநாள் இசக்கி தன் முள்காலணியைச் சித்தி மகளிடம் கொடுத்துவிட்டாள். அந்தக் கணக்கில் எங்கே தப்பு என்று கண்டுபிடிக்கத்தான் கணிதம் படிக்கப் போனாள். தப்பு கிடைக்கவில்லை. வேலை கிடைத்தது.

மையத்தின் தலைவர் ஆவுடையப்பன் டீ தம்ளரோடு வந்து திரையை எட்டிப் பார்த்தார்.

"இசக்கியம்மா, ரெண்டு நொடிக்கு மேல வித்தியாசம் வந்தா ரெண்டே காரணம்தான். ஒண்ணு, அந்தப் பிள்ள ஏமாத்துது. இல்லன்னா நீ ஏமாந்துட்ட."

"நான்தான் சார் எங்கயோ தப்பு பண்ணிருப்பேன்."

"அத நான் வாசல்ல நிக்கிற வாட்ச்மேன்கிட்டயே கேட்டுக்கிடுவேனே. எங்கன தப்புன்னு சொல்லு. வெள்ளிக்கிழம குழுவுக்கு அனுப்பணும். வித்தியாசம் ஒரு நொடிக்கு மேல இருந்தா நிழல் செல்லாது. நிழல் செல்லலைன்னா அந்தப் பிள்ளைக்கு உலகப் போட்டி கிடையாது. அடுத்தது நாலு வருஷம் கழிச்சு. அதுக்குள்ள அவளுக்கு இருபத்தெட்டு ஆயிரும்."

அவர் தம்ளரை அவள் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். அந்த இரண்டு நொடியும் அந்தத் தம்ளரும் இப்போது அவள் பொறுப்பு.

மறுநாள் விடிந்ததும், மூன்று மாதமாக அளவெடுக்கப் போய்வரும் மாவட்ட மைதானத்துக்குப் போனாள். பியூலாவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பார்வையற்றவர்கள் ஓடும்போது பார்வையுள்ள துணை ஓட்டக்காரர் ஒருவர் கூடவே ஓட வேண்டும். இருவர் கையையும் ஒரு சாண் நீளக் கயிற்றுவளையம் சேர்த்திருக்கும். பியூலாவின் துணை சுடலைமுத்து. பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியர், முப்பத்தாறு வயது, ஒரு காலத்தில் மாநில அளவில் ஓடியவர். ஆறு வருடமாக விடிகாலையில் வந்து இவளோடு ஓடிவிட்டு, அதற்கப்புறம்தான் பள்ளிக்கூடம் போவார்.

"ஏட்டி, நீதான் என்னைய அம்பத்தாறுல ஓட வச்சவளா?" காலடிச் சத்தத்தை வைத்தே ஆளைக் கண்டுகொண்டு பியூலா சிரித்தாள். "அந்த நிழலுக்கு யாருட்டி கயிறு புடிச்சா?"

சுடலைமுத்து சொன்னார்: "நிழலுக்குத்தான் கண்ணு தெரியும்லா. அதுக்கு எதுக்குக் கயிறு?"

"அப்ப அது நான் இல்ல, அண்ணாச்சி. வேற எவளோ."

இசக்கி சட்டைப் பொத்தான் அளவில் இழுவையை அளக்கும் ஒரு விசைமானியைக் கயிற்றில் பொருத்தினாள். பந்தய விதிப்படி பியூலா கருப்புப் பட்டையைக் கண்ணில் கட்டிக்கொண்டாள். இருவரும் கோட்டில் குனிந்தார்கள்.

அவர்கள் ஓடியதைப் பார்த்தபோது இசக்கிக்குத் தான் எதற்காக வந்தோம் என்பதே மறந்துபோயிற்று. அவள் இடது காலோடு இவர் வலது கால், இவர் கையோடு அவள் கை. இரண்டு பேர் ஓடுகிறார்கள் என்றே சொல்ல முடியாது. நான்கு காலுள்ள ஏதோ ஒன்று தரையைத் தொடாமல் போவதுபோல் இருந்தது. "வளைவு... வளைவு... நேர்... போடு" என்று சுடலைமுத்துவின் குரல் மட்டும் அவ்வப்போது வந்தது. மைதானத்து மதில் இரண்டாவது வளைவை ஒட்டியே வளைந்து கடைசி நேர்ப்பகுதியோடு கூடவே போகும். அதற்கு வெளியே தார்ச்சாலையில் பஸ்கள் இரைந்துகொண்டிருந்தன. அந்த இரைச்சலுக்குள்ளும் அவர் முணுமுணுப்பு பியூலாவுக்குக் கேட்டது. கோட்டைத் தொடும்போது அவர் அரையடி பின்தங்கினார். பந்தய விதி அதுதான்: துணை ஓட்டக்காரர் முன்னால் கோட்டைத் தொட்டால் இருவருக்குமே தகுதி போய்விடும். ஆறு வருடமாக எல்லாப் பந்தயத்திலும் இரண்டாவதாக வருவதற்காகவே ஒரு மனிதர் இவ்வளவு வேகமாக ஓடுகிறாரே என்று இசக்கி வியந்தாள்.

மையத்துக்குத் திரும்பி அளவைத் திறந்தாள். இரண்டாவது வளைவின் நடுவிலிருந்து கடைசிக் கோடு வரைக்கும் கயிறு விறைப்பாகவே இருந்திருக்கிறது. யாரோ இழுத்திருக்கிறார்கள். துணை ஓட்டக்காரர் இழுத்துக்கொண்டு ஓடினால் அது மோசடி. இருவருக்கும் ஆயுள் தடை.

'சுடலை அண்ணாச்சியா?' நம்ப முடியவில்லை. ஆனாலும் அளவு அளவுதான். முறைப்படி அந்த இழுவிசையைப் பியூலாவின் நிழலுக்கு முன்னோக்கிக் கொடுத்து மறுபடி ஓடவிட்டாள். நிழல் ஐம்பத்தாறு புள்ளி ஒன்றில் முடித்தது. வித்தியாசம் குறைய வேண்டியது போய்க் கூடிவிட்டது. இழுத்துவிட ஆள் இருந்தும் நிஜப் பியூலா மூன்று நொடி பின்னால் ஓடுகிறாள். ஆக, தப்பு பெருத்துவிட்டது.

சாயங்கால வகுப்பில் அவள் பாதி மனதோடுதான் உட்கார்ந்திருந்தாள். ஆசிரியர் கரும்பலகையில் வடம் இழுக்கும் இரண்டு பேரை வரைந்து, நடுவில் ஒரு கோடு போட்டார்.

"சார், அம்புக்குறி போடல," என்றது பின்வரிசைக் குரல்.

"நீங்கதான் போடணும். இழுவைன்னு மட்டும்தான் கயிறு சொல்லும். எவன் எவன இழுக்கான்னு அதுக்குத் தெரியாது."

இசக்கி பேனாவைக் கீழே வைத்தாள். அம்புக்குறியை அவள்தான் போட்டிருந்தாள். யோசிக்காமலே போட்டிருந்தாள். கண் தெரிந்தவர்தான் கண் தெரியாதவளை இழுப்பார் என்று, யாரும் கேட்காமலே அவள் கை அந்தத் திசையை எழுதிவிட்டது.

காலையில் முதல் வேலையாக விசையின் குறியை மாற்றிப் போட்டாள். இழுவை பின்னோக்கி, காலடி நீளம் துணை ஓட்டக்காரரின் காலடிக்குக் கட்டுப்பட்டது. சாம்பல் உருவம் கிளம்பியது. முதல் வளைவு, நேர், இரண்டாவது வளைவு. அந்த இடத்தில் நிழல், யாருக்காகவோ காத்திருப்பதுபோல், அடியைக் குறுக்கிக்கொண்டது. ஐம்பத்தொன்பது புள்ளி இரண்டு.

பழக்கத்தில் மூன்று முறை ஓட்டினாள். பிறகு நாற்காலியில் சாய்ந்தாள். கணக்கில் தப்பே இல்லை. வளைவிலிருந்து கோடு வரைக்கும் சுடலைமுத்துவைத்தான் பியூலா இழுத்துக்கொண்டு வருகிறாள். அதுவும் வெளியே தெரியாமல், விதிக்காக அவர் பின்தங்குகிறார் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் நினைக்கும்படியாக. எப்பேர்ப்பட்ட ஓட்டம் இது! முழு வேகத்தில் ஓடுவதைவிட இப்படி ஓடுவதற்கு எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும்!

கூடவே இன்னொரு நினைப்பும் வந்தது. பதிமூன்று வயதில் தன்னை அளந்தவர்கள் தசையையும் நாணையும் மட்டும்தான் அளந்தார்கள். அன்றைக்குத் தன் கையில் என்ன கயிறு இருந்தது, அதன் மறுமுனையில் யார் இருந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அந்த நினைப்பை அப்போதைக்குத் தள்ளி வைத்துவிட்டு மைதானத்துக்குப் போனாள். சுடலைமுத்து பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போயிருந்தார். பியூலா குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியும்லா, அக்கா?"

பியூலா குழாயை மூடினாள்.

"மூணு வருஷமாத் தெரியும். வளைவு பாதில அண்ணாச்சி மூச்சு மாறும். அதுக்கப்புறம் கால் கொஞ்சம் கனமா விழும். காதுள்ளவளுக்கு இது கேக்காதாட்டி?"

"சொல்லிருக்கலாம்லா."

"என்னன்னு? 'அண்ணாச்சி, ஒங்களுக்கு வயசாயிட்டு, போயிட்டு வாங்க'ன்னா? மொத ரெண்டு வருஷம் எனக்கு ஓடவே தெரியாது. கயித்தப் புடிச்சிக்கிட்டு அவிய மேலயே விழுவேன். ஒரு நாளும் 'மெதுவா ஓடுத'ன்னு சொன்னதில்ல. எனக்காவ அவிய எவ்வளவு வேகத்த முழுங்கிருப்பாவ. அத எந்த நிழலு சொல்லும்?" ஈரக் கையால் இசக்கியின் கையைத் தேடிப் பிடித்தாள். "ஒங்கணக்குல தப்புன்னு எழுதிரு. நீதான் எப்பவும் அப்படிச் சொல்லுவியே."

வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கணக்கு சரிதான் என்று இசக்கிக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது. அதைத்தான் தப்பு என்று எழுதச் சொல்கிறாள். எழுதினால் பியூலாவுக்குப் போட்டி இல்லை. எழுதாவிட்டால் சுடலைமுத்துவுக்கு இடம் இல்லை. "பாக்கேன்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

அன்று மத்தியானம் சுடலைமுத்துவே மையத்துக்கு வந்து நின்றார். கழுத்தில் விசில் தொங்கியது.

"கயிறு என்ன சொல்லிச்சு, இசக்கி?"

"ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. என் கணக்குலதான் தப்பு."

அவர் சிரித்தார். "அளவெடுக்க வந்த மூணு மாசமா ஒன்னையப் பாக்கேன். நெசமாவே சந்தேகம் இருந்தா, 'தெரியல, இருக்கலாம், இன்னொரு மட்டம் பாக்கணும்'ன்னு மென்னு முழுங்குவ. இன்னைக்கு ஒரே வெட்டா வெட்டிட்ட. அப்ப ஒங்கணக்கு சரி. போடு, பாப்போம்."

வேறு வழி இல்லை. திரையைத் திருப்பினாள். முதலில் கயிறில்லாத நிழல், அடுத்து கயிறு கட்டிய நிழல். இரண்டாவது வளைவில் அது அடியைக் குறுக்கியதும் அவர் கை தானாகத் தன் தொடைக்குப் போயிற்று.

"இங்கனதானா?"

"ஆமா அண்ணாச்சி."

"கோட்டுக்கிட்ட அரையடி பிந்தணும்லா. அதுக்கு முன்கூட்டியே தயாராவுதேன்னு நெனச்சிட்டு இருந்தேன். அவளுக்கு வழி விடுதேனாம்." தொடையை ஒருமுறை அழுத்திவிட்டுக்கொண்டார். "நெனச்சேனா, இல்ல அப்படி நெனச்சுக்கிட்டேனான்னு இப்பத் தெரியல. அவளுக்குத் தெரியுமா?"

இசக்கி விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லாண்டாம். தெரியாம இருக்குமா? எங்கால்ல முள்ளு குத்துனா எனக்கு முன்னால அவளுக்குத் தெரியும்." விசிலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். "எழுது."

"எழுதுனா உங்கள மாத்திருவாங்க, அண்ணாச்சி."

"மாத்தத்தான் எழுதச் சொல்லுதேன். வேற ஆள நானே கொண்டாரேன். கண்ட பயலயும் அவ கையில கட்டிரக் கூடாதுல்லா."

வெள்ளிக்கிழமை அறிக்கை போனது. துணையை மாற்றி ஒரு மாதத்துக்குள் ஓடிக் காட்டலாம், வித்தியாசம் ஒரு நொடிக்குள் வர வேண்டும் என்று குழு பதில் அனுப்பியது. பியூலா இரண்டு நாள் இசக்கியிடம் பேசவில்லை. மூன்றாம் நாள், "மண்டக்கனம் புடிச்சவ" என்று திட்டினாள். அதோடு சமாதானமாயிற்று.

சுடலைமுத்து கூட்டி வந்த ஆள் மைதீன். மேலப்பாளையத்துப் பையன், இருபத்திரண்டு வயது, நெட்டைக் கால்.

"எனக்கும் நிழல் போட்டாங்க அக்கா," என்று இசக்கியிடம் சிரித்துக்கொண்டே சொன்னான். "நாப்பத்தெட்டுக்குக் கீழ எறங்காதுன்னுட்டாங்க. இந்தியாவுக்கு ஓட நாப்பத்தஞ்சு வேணுமாம். கெடக்கு. இவுகளுக்கு அம்பத்தாறு போதும்லா."

சுடலைமுத்து அவனுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தார். வளைவுக்கு எத்தனை அடி முன்னால் குரல் கொடுக்க வேண்டும், மழை பெய்த அன்றைக்கு அவள் எந்தக் காலை முதலில் நம்புவாள், தோற்றுவிட்டு வந்தால் எவ்வளவு நேரம் பேசாமல் இருக்க வேண்டும். மூன்று வாரத்தில் காலும் கையும் சேர்ந்துவிட்டன. முதல் முழு ஓட்டத்துக்கு இசக்கி விசைமானியோடு வந்தாள். சுடலைமுத்து பார்வையாளர் காலரியில் நின்றுகொண்டார்.

ஐம்பத்தெட்டு புள்ளி மூன்று. நிழலைவிட இன்னும் ஒன்று புள்ளி நான்கு நொடி பின்னால்.

அதே இடத்தில், இரண்டாவது வளைவின் நடுவில், பியூலா அடியைக் குறுக்கினாள். கயிற்றில் இழுவையே இல்லை. மைதீன் அவள் தோளோடு தோளாகத்தான் ஓடினான். வேகம் தசையிலும் குறையவில்லை, நாணிலும் குறையவில்லை. இசக்கியின் சமன்பாட்டில் அதைப் போட ஓர் இடம்கூட இல்லை.

"அந்த எடத்துல அக்கா எதையோ கேக்குற மாதிரி தலையச் சாய்க்காவ," என்றான் மைதீன்.

பியூலா தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். "பழக்கம்டி. கால் தானா நிக்குது. அவிய மூச்சத் தேடுது. காலரில நிக்காவன்னு தெரியும்லா, அதான் தேடுது."

காலரியின் கீழ்ப்படியில் நின்றிருந்த சுடலைமுத்துவுக்கு அது கேட்டது. மெதுவாக இறங்கி வந்தார்.

"அப்ப நான் இந்தப் பக்கமே வரக் கூடாது."

"அப்படில்லாம் ஒண்ணும் வேண்டாம்," என்று பியூலா வெடுக்கென்று சொன்னாள். "ஒங்கள யாரு போகச் சொன்னா? ஆறு வருஷம் ஓடிட்டு, ஓடிக் காட்டுத அன்னைக்கு நீங்க இல்லாமயா?"

"இங்கன நின்னா நீ தேடுவ. தேடாதட்டி." அவள் தலையில் லேசாகத் தட்டிவிட்டு இசக்கியிடம் திரும்பினார். "அன்னைக்கு நான் பஸ் ஸ்டாப் டீக்கடையில இருப்பேன். முடிஞ்சதும் ஒரு போன் போடு. அது போதும்."

ஓடிக் காட்டும் நாள் காலையில் குழுவிலிருந்து இருவர் வந்திருந்தார்கள். ஆவுடையப்பன் புதுச்சட்டை போட்டிருந்தார். காலரியின் கீழ்ப்படி காலியாக இருந்தது. பியூலா கோட்டுக்குப் போகும்முன் ஒரு கணம் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். பிறகு பட்டையைக் கட்டிக்கொண்டாள்.

துப்பாக்கி வெடித்தது. முதல் வளைவு, எதிர்ப்பக்க நேர். "வளைவு... வளைவு..." மைதீனின் குரல் இளசாக, கொஞ்சம் பதற்றமாகக் கேட்டது. மதிலுக்கு வெளியே எவனோ ஒரு பஸ்காரன் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். 'இன்னைக்குப் பார்த்தா' என்று இசக்கி பல்லைக் கடித்தாள். இரண்டாவது வளைவின் நடு வந்தது. பியூலாவின் தலை சாய்ந்தது. அதே சாய்வு.

ஆனால் அடி குறுகவில்லை. சாய்ந்த தலை நேராயிற்று. அதற்குப் பிறகு பியூலா ஓடியதை இசக்கி அதற்கு முன் திரையில் மட்டும்தான் பார்த்திருந்தாள், சாம்பல் நிறத்தில்.

ஐம்பத்தேழு புள்ளி இரண்டு. ஆவுடையப்பன் சார் குழுக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார். இசக்கி ஒருமுறைகூடச் சரிபார்க்காமல் கைபேசியை எடுத்தாள்.

"அண்ணாச்சி! அம்பத்தேழு புள்ளி ரெண்டு!"

மறுமுனையில் இரைப்பு மட்டும் கேட்டது.

"அண்ணாச்சி?"

"கேக்கு... கேக்கு. டீ... பொரையேறிட்டு."

மைதீன் பியூலாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். "யாரு, அண்ணாச்சியா? எங்கன இருக்காவளாம்?" என்று பியூலா கேட்டாள்.

"டீக்கடையில."

பியூலா பட்டையை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சிரித்தாள். "டீக்கடையிலயா? வளைவு ஆரம்பத்துலேர்ந்து மதிலுக்கு அந்தப் பக்கம் செருப்புக் காலோட ஓடி வந்தாவ. நடுரோட்டுல. பஸ்காரன் அந்த அடி அடிக்கான், காதுலயே வாங்கல."

"ஒனக்குக் கேட்டுச்சா?" என்றாள் இசக்கி.

"கேக்காம? பாதி வளைவுல மூச்சு மாறிச்சு. பிந்திட்டாவ."

"அப்புறம்?"

பியூலா மணிக்கட்டிலிருந்த கயிற்றைக் கழற்றிக் கைக்குள் சுருட்டினாள்.

"நான் நிக்கலட்டி," என்றாள்.

பிறகு கையை நீட்டிக் கைபேசியை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். இங்கே ஒரு மூச்சும் அங்கே ஒரு மூச்சும் மெல்ல மெல்ல அடங்கின. ரொம்ப நேரம் கழித்து, பக்கத்தில் நின்ற இசக்கிக்கும் மைதீனுக்கும் கேட்கும்படி, அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது:

"புது ஆளு கடைசில உன் கூடச் சேந்தே வாரான். காலடி கேட்டுச்சு. கோட்டுக்கிட்ட அரையடி பிந்தச் சொல்லுட்டி."